பிடி ஒரு காலம், அலகு ஒரு காலம்

போன ஆயுத பூஜை சமயத்துல சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் பழைய வாள் ஒன்றைப் பார்த்தேன். "பல்லவர் காலத்து வாள் சார், தாத்தா சொல்லியிருக்காரு" என்றார் பெரியவர். பொட்டு வைத்துக் கும்பிடுகிற பொருள். உடனே மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பிடியைப் பார்த்ததுமே சந்தேகம். விரல்களைக் கூண்டு போல மூடும் காப்பு, குமிழுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முள். இரண்டு கையால் ஓங்கும்போது இன்னொரு கை பிடிப்பதற்கான முள் அது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வாளும் கேடயமுமாகச் சண்டை போடும் பல்லவ வீரர்கள் இருக்கிறார்கள்; இந்தக் கூண்டுப் பிடியை அங்கே தேடினால் கிடைக்காது. அது பல நூற்றாண்டுகள் பிந்தியது. (கல்லில் மெல்லிய அலகைச் செதுக்க முடியாது. அதனால் சிற்பத்தை வைத்துப் பிடியின் வடிவத்தைப் பார்க்கலாம், அலகின் தடிமனைக் கணிக்கக் கூடாது.)

அலகு வேறு கதை சொன்னது. நேரான, இருபக்கமும் கூரான அலகு. நடுவில் கோடு பிசகாமல் ஓடும் மூன்று குறுகிய பள்ளங்கள். லேசாக வளைத்தால் வளைந்து திரும்புகிறது. பிடிக்குப் பக்கத்தில் எதிரெதிராக இரண்டு பிறைக்கோடு, ஓரத்தில் பல் பல்லாக. இத்தாலியின் ஜெனோவாவோடு சேர்த்துச் சொல்லப்படும் முத்திரை இது. ஐரோப்பிய அலகுக்கு நம்மூர்ப் பிடி போட்டால் அதற்குப் பெயர் 'ஃபிரங்கி'. வேறொன்றுமில்லை, நம்ம பரங்கிமலையில் இருக்கிற அதே பரங்கிதான்! ஆனால் முத்திரையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஜெர்மனியின் சோலிங்கன் கொல்லர்களும் அதைக் குத்தினார்கள்; நம்மூர்க் கொல்லர்களும் குத்தினார்கள். பள்ளம், வளைவு, முத்திரை மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரு முடிவுக்கு வரலாம்.

தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றிலும் ஐரோப்பிய வாளலகை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். 1855ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்த பிறகு அந்த அரண்மனை ஆயுதச்சாலை கலைந்தது. கொஞ்சம் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. நிறைய பழைய இரும்பாகப் போனது. ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்ட பெரியவர், "ஒரு புரோக்கர் பிடியை மட்டும் கேக்குறான் சார், குடுத்துடலாமா?" என்றார். எனக்குப் பகீரென்றது. பல வாள்களில் அலகு பிடிக்குள் அரக்கு வைத்துத்தான் நிற்கும். சூடு காட்டினால் கையோடு வந்துவிடும். ஒருமுறை பிரித்துவிட்டால் இந்த அலகு இந்தப் பிடியில் இருந்தது என்பதற்குச் சாட்சியே இல்லை. 1972ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய இப்படிப்பட்ட பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

அலகைத் தாளில் வைத்துக் கோடு போட்டுக்கொண்டேன். எடை போட்டேன், விரலில் நிறுத்தி எங்கே சமன் ஆகிறது என்று குறித்துக்கொண்டேன். புளி போட்டுத் தேய்க்காதீங்க, ஈரக் குங்குமத்தை அலகில் வைக்காதீங்க என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"அப்ப பல்லவர் இல்லியா?" என்றார் வாசல் வரை வந்து.

"இல்லீங்க ஐயா. ஆனா கப்பல்ல வந்தது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "பொட்டு பிடியிலயே வெச்சுடறேன்" என்று உள்ளே போனார்.