பியூஸ் போனால் உடனே வேறு போடலாமா?

கம்ப்யூட்டர் இதழில் பைக் பற்றி என்ன கட்டுரை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலும், யு.பி.எஸ். பெட்டியிலும், யு.எஸ்.பி. போர்ட்டிலும் இருக்கும் அதே வகைப் பாதுகாப்புதான் பைக்கிலும் இருக்கிறது. பைக்கில் அதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் கழற்றலாம். ஆகவே அங்கிருந்து தொடங்குவது எளிது.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில், பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குக் கிடங்கு கணக்கு சாப்ட்வேர் நிறுவும் வேலை எனக்கு. நீண்ட தூரப் பயணத்திற்கென்று வாங்கிய 350 சிசி பைக்கில் போய் வருவேன். ஹேண்டில்பாரில் போன் ஹோல்டரும், இரண்டு போர்ட் கொண்ட யு.எஸ்.பி. சார்ஜரும் உண்டு. இரண்டையும் பொருத்தியது நானேதான்.

புதிய சர்வருக்கு மாறிய இரவு அது. வேலை முடிந்து வெளியே வரும்போது மணி பதினொன்று. வழியில் ஏதாவது நின்றுபோனால் என்னைத்தான் அழைப்பார்கள். போனில் 6 சதவீதம் சார்ஜ். பைக்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சாவியைத் திருப்பினால் சார்ஜரில் விளக்கு எரியவில்லை. ஹெட்லைட், ஹாரன் எல்லாம் ஒழுங்காக இருந்தன. (2006 முதல் 2014 வரை நோக்கியா போன்கள் லட்சக்கணக்கில் தயாரான வட்டாரத்தில், கையில் இருக்கும் ஒரு போனுக்கு சார்ஜ் இல்லை!)

ஒன்று மட்டும் இறந்து மற்றவை வேலை செய்தால், அந்த ஒன்றுக்கான பியூஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல பைக்குகளில் ஹெட்லைட்டுக்கு ஒன்று, இக்னிஷனுக்கு ஒன்று என்று தனித்தனி பியூஸ்கள் இருக்கும். நாம் கூடுதலாகப் பொருத்தும் சாதனங்களுக்கு உள்ளது அக்ஸஸரி பியூஸ். என் பைக்கில் சைடு பேனலைக் கழற்றினால் ஒரு சிறிய கருப்புப் பெட்டி. எந்த பியூஸ் எதற்கு என்று மூடியின் உட்புறம் அச்சிட்டிருக்கும்.

சாவியை அணைத்துவிட்டு பியூஸை நேராக மேலே இழுக்க வேண்டும். ஆட்டி ஆட்டி இழுத்தால் கீழே உள்ள பிடிப்பு தளர்ந்துவிடும். இரண்டு தகடுக் கால்கள், மேலே நிறமுள்ள பிளாஸ்டிக். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வளைந்த மெல்லிய உலோக இழை தெரியும். அது அறுந்திருந்தால் பியூஸ் போய்விட்டது. நிறம் அழகுக்காக அல்ல. 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. கார், பைக் எதுவானாலும் இந்த வகை பியூஸுக்கு இதே நிறங்கள்தான்.

என்னுடையது சிவப்பு, இழை அறுந்திருந்தது. மூடிக்குள் உபரியாக ஒரு சிவப்பும் ஒரு நீலமும் இருந்தன. சிவப்பைப் போட்டுச் சாவியைத் திருப்பி, வண்டியைத் திருப்ப ஹேண்டிலை ஒடித்தேன். அதுவும் போய்விட்டது.

அடுத்து என் கை நீல பியூஸுக்குப் போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி அண்ணன், "சிகரெட் அட்டையில இருக்கற சில்வர் பேப்பரைச் சுத்திவிடுங்க தம்பி, வீடு வரைக்கும் தாங்கும்" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நம்மில் பலர் வீட்டு பீஸ் கட்டையில் கம்பியை இரட்டிப்பாகச் சுற்றுவதும் இப்படித்தானே!

பியூஸ் காப்பாற்றுவது சார்ஜரை அல்ல, போனையும் அல்ல. ஒயரை! ஒயர் தாங்கும் அளவைவிட அதிக மின்சாரம் ஓடினால் ஒயருக்கு முன்பாகத் தான் உருகிவிடுவதே அதன் வேலை. ஷார்ட் ஆனால் ஒரு சிறிய பைக் பேட்டரிகூட நூறு ஆம்பியர் அளவுக்குத் தள்ளும். சில்வர் பேப்பர் போட்டால் உருகப்போவது ஒயர். என் ஒயர் போகும் வழி பெட்ரோல் டாங்கின் அடியில். நீல பியூஸை மூடிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

பிறகு கணக்குப் போட்டேன். சார்ஜரின் இரண்டு போர்ட்டும் 5 வோல்ட்டில் தலா 2 ஆம்பியர் தருபவை. மொத்தம் 20 வாட். சார்ஜருக்குள் வீணாவதையும் சேர்த்து 24 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டால் வகுத்தால் 2 ஆம்பியர். 10 ஆம்பியர் பியூஸ் இதற்குப் போகவே கூடாது.

இன்னொரு தடயமும் உண்டு. 10 ஆம்பியர் பியூஸ் 10ஐத் தாண்டியதும் சட்டென்று போவதில்லை. 13, 14 ஆம்பியர் ஓடினால் சில நிமிடங்கள்கூடத் தாக்குப்பிடிக்கலாம். 20 ஓடினால் சில நொடிகள். ஆகவே கொஞ்ச நேரம் ஓடிப் பிறகு போனால் சுமை அதிகம் என்று சந்தேகிக்கலாம். கண் இமைக்கும் நேரத்தில் போனால் ஷார்ட். சாப்ட்வேரில் பிழை தேடும்போது 'எப்போது நின்றது, அப்போது என்ன செய்தீர்கள்?' என்று கேட்போம். இங்கே பதில் தெளிவாக இருந்தது: ஹேண்டிலை ஒடித்தபோது.

டார்ச்சை ஹேண்டிலின் அடியில் அடிக்கச் சொன்னேன். நான் இழுத்துக் கட்டியிருந்த ஒயர், ஹேண்டில் திரும்பும் ஒவ்வொரு முறையும் பிரேமில் உரசியிருக்கிறது. மேலுறை தேய்ந்து, அரை அங்குலம் செம்பு வெளியே தெரிந்தது. இடதுபக்கம் முழுதாக ஒடித்தால் செம்பு பிரேமைத் தொட்டது. நல்ல பியூஸ் இரண்டும் அதன் வேலையைத்தான் செய்திருக்கின்றன. தப்பு செய்தது நான்.

அன்றிரவு பேட்டரியின் நெகடிவைக் கழற்றி, அந்த ஒயரைப் பெட்டிக்கு அருகிலேயே வெட்டி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். செக்யூரிட்டி அறையில் அரை மணி நேரம் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அழைப்பு எதுவும் வரவில்லை. மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் உதிரிபாகக் கடையில் புதிய ஒயர், அதற்கு மேலே போட ஸ்லீவ், சில ரூபாய்க்கு 5 ஆம்பியர் பியூஸ் இரண்டு. ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, பியூஸ் போடும் முன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஒரு முனையை ஒயரிலும் மறுமுனையை பிரேமிலும் பிடித்து, ஹேண்டிலை இருபுறமும் ஒடித்துப் பார்த்தேன். பீப் ஒலி வரவில்லை. அதன் பிறகே பியூஸ்.

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். ஏதோ ஒன்றை யு.எஸ்.பி. போர்ட்டில் சொருகியதும் 'பவர் சர்ஜ் ஆன் தி யு.எஸ்.பி. போர்ட்' என்ற செய்தி வந்தால், அதுவும் பியூஸ் போனது போன்றதே. யு.எஸ்.பி. 2.0 போர்ட் தர வேண்டிய அளவு அரை ஆம்பியர், 3.0 போர்ட்டுக்கு 0.9 ஆம்பியர். இதைக் காக்க மதர்போர்டில் தானாக மீளும் பியூஸ் அல்லது அதே வேலையைச் செய்யும் சிப் இருக்கும். சூடேறினால் தடுத்துவிடும், ஆறியதும் விட்டுவிடும். நாம் செய்ய வேண்டியது, சொருகியதை எடுத்துவிட்டு அதன் கேபிளைப் பார்ப்பது. அதையே அடுத்த போர்ட்டில் சொருகிச் சோதிக்க வேண்டாம். நான் இரண்டாவது சிவப்பு பியூஸைப் போட்ட கதைதான் அது.

சில யு.பி.எஸ். பெட்டிகளின் பின்புறம் கண்ணாடி பியூஸ் இருக்கும். பெட்டியில் எழுதியுள்ள அதே ஆம்பியரில் நீங்களே மாற்றலாம். மீண்டும் போனால் அதில் என்னென்ன சொருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். லேசர் பிரிண்டர் இருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. ஆனால் கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் உள்ள பியூஸைத் தொடாதீர்கள். உள்ளே உள்ள பெரிய கபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பவர் கார்டைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அது அப்படியே நிற்கும். தவிர அந்த பியூஸ் போயிருந்தால் பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு பாகம் முன்பே கெட்டிருக்கும். பவர் சப்ளையை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது.