பயிரின் ஜீவகாரியங்களும் சுக்கான் நிலத்துக் கடலையும்

பயிருக்கும் உயிர் உண்டு என்பதை நம் நாட்டில் மறுப்பவர் எவருமில்லை. ஆயினும், மாடு தீனி எடுக்காமல் நின்றால் வாயைப் பார்த்து, சாணத்தைப் பார்த்து, மூச்சைப் பார்த்துக் காரணம் தேடும் குடியானவர், பயிர் வெளுத்து நின்றால் மட்டும் யூரியா மூட்டையைத் தேடிப் போகிறார். அதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. அரியலூர் ஜில்லாவில் ரெட்டிபாளையம் போன்ற சுண்ணாம்புக்கல் பூமியில் நிலக்கடலை பயிரிடுவோர் இவ்விஷயத்தைத் தெளிவாக அறிந்து கொள்வது அவசியம்.

ஏழு ஜீவகாரியங்கள்

ஆகாரம் கொள்ளுதல், சுவாசித்தல், கழிவை அகற்றுதல், வளர்தல், அசைதல், உணர்தல், இனம் பெருக்குதல் என்னும் ஏழு காரியங்களும் சகல ஜீவராசிகளுக்கும் பொதுவானவை. இவற்றைக் காண்பதற்குக் கடலைச் செடியைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை. அந்தி சாய்ந்ததும் அதன் இலைகள் மடிந்து கொள்கின்றன, விடிந்ததும் விரிகின்றன. இது அசைவு. பூத்து முடிந்தபின் விழுதானது மேல் கீழ் அறிந்து நேரே மண்ணை நோக்கி இறங்குகிறது. இது உணர்வு. இறங்கிய விழுதின் நுனியில் காய் பிடித்து விதை முற்றுவது இனப்பெருக்கம். ஈரம் உலராத கடலையைக் குவித்து வைத்து இரண்டொரு நாள் கழித்துக் கையை உள்ளே விட்டால் உஷ்ணம் தெரியும். விதையும் அதைப் பற்றிய பூஞ்சணமும் சுவாசிப்பதால் எழும் உஷ்ணமே அது.

இவற்றுள் மூச்சும் ஆகாரமும் மற்றவற்றுக்கு ஆதாரம். இலையே செடியின் அடுக்களை. பகற்பொழுதில் வெயிலின் சக்தியைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் வேர் அனுப்பும் ஜலத்தையும் சேர்த்து அது மாவுப்பொருளைச் சமைக்கிறது. இதைச் செய்வது இலையிலுள்ள பச்சையம். சுவாசமோ இரவும் பகலும் ஓயாது நடப்பது. இலை மட்டுமன்றி வேரும் பிராணவாயுவை வாங்கிக் கரியமிலவாயுவை வெளியிடுகிறது. மண்ணுக்குள் காற்று இல்லாவிடில் வேர் மூச்சுத் திணறும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

சுண்ணாம்பு வந்த வழி

ரெட்டிபாளையத்தைச் சுற்றிலும் சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லும் ஒரு காலத்து ஜீவகாரியத்தின் விளைவே. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பிரதேசம் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பி முதலிய பிராணிகள் ஜலத்தில் கரைந்திருந்த சுண்ணாம்பை உட்கொண்டு ஓடு வளர்த்து மடிந்தன. அந்த ஓடுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து பாறையாயின. பிளான்போர்டு என்னும் புவியியலார் 1862-ம் ஆண்டில் வெளியான தம் அறிக்கையில் இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். கல்லாய்ச் சமைந்த சிப்பிகளை இன்றும் வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

இச்சுண்ணாம்பு கடலைக்கு முழுப் பகையன்று. காயானது தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைப் பெரும்பாலும் தன் ஓட்டின் வழியாகவே சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரே உறிஞ்சுகிறது. அது கிடைக்காவிடில் காய் பொக்காகும். தொல்லை வேறிடத்தில் இருக்கிறது.

இலை வெளுப்பது ஏன்?

பச்சையம் உண்டாக இரும்புச்சத்து வேண்டும். மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது கரைந்தால்தான் வேருக்கு எட்டும். கடலையின் வேர் புளிப்பைக் கசியவிட்டு இரும்பைக் கரைத்துக் கொள்ளும் இயல்புடையது. சுக்கான் நிலத்தில் சுண்ணாம்பு அப்புளிப்பை அப்போதைக்கப்போது முறித்து விடுகிறது. இதற்குமேல் அடைமழையாலோ மிகையான பாய்ச்சலாலோ ஜலம் தேங்கினால் நிலைமை முற்றுகிறது. வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் விடும் கரியமிலவாயு வெளியேற வழியின்றி, ஜலத்தோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து பைகார்பனேட் என்னும் உப்பாகிறது. அவ்வுப்பு வேர் இரும்பை ஏற்பதைத் தடுக்கிறது. மூச்சுத் தடைப்பட, ஆகாரம் தடைப்பட, பச்சையம் குன்ற, அடுக்களையில் நெருப்பு அணைகிறது. வளர்ச்சியும் விழுது இறங்குவதும் அதனைத் தொடர்ந்து குறைகின்றன.

இந்நிலையில் யூரியா இடுவதால் பயனில்லை. கடலையின் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. நன்கு வேலை செய்யும் முண்டை நகத்தால் கீறினால் உள்ளே சிவந்திருக்கும். அச்சிவப்புப் பொருளிலும் இரும்பு உண்டு. ஆகவே இரும்புக் குறையைத் தீர்க்காமல் தழைச்சத்தைக் கொட்டுவது, அடுப்பு எரியாத வீட்டில் அரிசி மூட்டையை இறக்குவது போலாகும். வெளுப்பைக் கண்டு வாட்டம் என்றெண்ணி மேலும் ஜலம் பாய்ச்சுவதோ கேட்டை வளர்ப்பதாகும்.

அடையாளம் காணும் முறை

அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை எனக் கொள்ளலாம். நுனிக்கொழுந்து முதலில் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. செடி முதிர்ந்த இலையிலுள்ள தழைச்சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்ப வல்லது; இரும்பை அவ்வாறு எளிதில் அனுப்ப வல்லதன்று. இதுவே வேற்றுமைக்குக் காரணம். கொழுந்து நரம்போடு கூட ஒரே சீராக மஞ்சளித்தால் கந்தகச்சத்துக் குறையாக இருக்கலாம். நிலம் சுக்கானா என்று அறிய, உலர்ந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து எலுமிச்சம்பழச் சாற்றை விட்டுப் பார்க்கலாம். சுண்ணாம்பு மிகுந்திருந்தால் சிறு குமிழ்கள் எழும். நிச்சயமாக அறிய மண் பரிசோதனையே வழி.

பரிகாரம்

முதலாவது, வேருக்கு மூச்சு விட வழி செய்தல் வேண்டும். தேங்கிய ஜலத்தை வடித்து, மேல்மண் உலர்ந்த பிறகே அடுத்த பாய்ச்சல் செய்க. பள்ளமான நிலத்தில் மேட்டுப்பாத்தி அமைப்பது நலம்.

இரண்டாவது, இலை வழியே இரும்பு ஊட்டுதல். 10 லிட்டர் ஜலத்தில் முதலில் 10 கிராம் எலுமிச்சை உப்பையும், பிறகு 50 கிராம் அன்னபேதியையும் கரைத்து, வடிகட்டித் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் 1 கிலோ அன்னபேதி போதும். காலையிலோ மாலையிலோ தெளிக்க. உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும். துருநிறம் ஏறிய கரைசல் பயன்படாது. சுண்ணாம்பு கலந்த மருந்து எதனோடும் இதைச் சேர்க்கலாகாது. புதிதாய் விடும் கொழுந்துக்கு முன் தெளித்த இரும்பு போய்ச் சேராதாகையால், 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிப்பது அவசியம். முதலில் சில செடிகளில் தெளித்துப் பார்த்து, கருகல் இல்லையெனக் கண்டபின் வயல் முழுவதும் செய்வது விவேகம்.

மூன்றாவது, அடுத்த போகத்துக்கு முன் மக்கிய தொழு உரம் ஏராளமாய் இடுதல். சுக்கான் மண்ணில் வெறும் அன்னபேதியை இட்டால் வெகு விரைவில் துருவாகிக் கட்டுண்டு போகும். தொழு உரத்தோடு கலந்து இட்டால் வேருக்குக் கிட்டும் காலம் நீடிக்கும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் பயிர்ச் சேதத்தைக் குறித்து அறிவிக்கும்போது வெறுமனே ‘மஞ்சள் நோய்’ என்றெழுதாமல், வெளுப்புக் கொழுந்தில் தொடங்கியதா, அடியிலையில் தொடங்கியதா, வயலில் ஜலம் தேங்கியதா என்பவற்றையும் குறித்தனுப்பினால், தக்க யோசனை காலத்தில் வந்து சேரும்.

வெளுத்த பயிர் வாய் திறந்து சொல்லாது; கொழுந்தும் அடியிலையும் வேர்முண்டுமே அதன் வாய்ச்சொல். குடியானவர்கள் உரக்கடைக்குப் போகுமுன் ஒரு செடியைப் பிடுங்கி இம்மூன்றையும் பார்ப்பார்களாக.