சம்பா: இரு இயங்குதளங்களை இணைத்த பாலம்

விண்டோஸ் கணினிகள் வலையமைப்பில் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்ந்துகொள்ளக் கையாளும் விதிகளின் தொகுப்பு எஸ்எம்பி நெறிமுறை எனப்படுகிறது. அவ்விதிகளை அறியாத லினக்ஸ் கணினி, ஒரே கம்பியால் இணைக்கப்பட்டிருந்தும் மொழி தெரியாத அயலாரைப் போல ஒதுங்கியே நிற்கும்.

இக்குறையைப் போக்கும் சம்பா என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் அடித்தளமிட்டார். கணினிகளுக்கிடையே செல்லும் தரவுப் பொட்டலங்களைக் கூர்ந்து நோக்கி, எந்தக் கேள்விக்கு எந்த விடை வருகிறது என்பதிலிருந்தே அவர் விதிகளை உய்த்துணர்ந்தார்.

நெறிமுறை விவரங்களைப் போட்டியாளர்களுக்கு வழங்குமாறு ஐரோப்பிய ஆணையம் 2004-இல் விண்டோஸை உருவாக்கிய மைக்ரோசாஃப்டுக்கு இட்ட கட்டளையை நீதிமன்றம் 2007-இல் உறுதிசெய்த பின்னர், அவ்வாண்டு டிசம்பரில், 10,000 யூரோ கட்டணத்தில் அவை சம்பா குழுவினருக்குக் கிடைக்க வழி பிறந்தது. சம்பா இயங்கும் கணினியோடு இணையும் விண்டோஸ் பயனரோ, மறுமுனையில் இருப்பது லினக்ஸ் என்பதையே அறியாமல் கோப்பைத் திறக்கிறார்.