தாத்தா காலத்து மேஜையைச் சுரண்டாதீர்கள்!

பழைய தேக்கு மேஜையோ ஈட்டி மர அலமாரியோ மங்கிக் கறுத்துவிட்டால், உடனே ஆளைக் கூப்பிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வார்னிஷ் அடிக்கச் சொல்லுகிறோம். சாமான் புதிதாகிவிடுகிறது, வாஸ்தவந்தான். ஆனால் எண்பது, நூறு வருஷம் வெளிச்சமும் காற்றும் பட்டு மரத்துக்கு ஏறிய நிறம் மேலாக, மிக மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. தேய்த்தால் போயிற்று, எந்தக் கடையிலும் அது விலைக்குக் கிடைக்காது.

அந்த நாளில் நல்ல சாமான்களுக்குப் பெரும்பாலும் போட்டது ‘பிரெஞ்சு பாலிஷ்’. பெயர்தான் பிரெஞ்சு, சரக்கு நம்முடையது! பலாசு, இலந்தை போன்ற மரங்களில் ஒட்டி வாழும் சிறு பூச்சியின் அரக்கை உருக்கித் தகடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்தது அது. இந்த அரக்குக்கென்றே 1924-ல் ராஞ்சிக்கு அருகே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

அரக்குக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. காய்ந்து எத்தனையோ வருஷம் ஆனபின்பும் ஸ்பிரிட் பட்டால் இளகிக் கொடுக்கும். மேஜையின் அடியில், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு என்று அறியலாம். அசையாதிருந்தால் வேறு வார்னிஷ். அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது.

முதலில் டர்பண்டைன் தொட்ட துணியால் எண்ணெய் அழுக்கைத் துடையுங்கள். டர்பண்டைன் அரக்கைக் கரைக்காது. பிறகு பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, மரத்தின் ரேகை ஓடும் வழியே ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் துணி ஒட்டிக்கொண்டு தழும்பு விழும். வெடித்த பழைய பூச்சு இளகித் தானாகவே கூடிக்கொள்ளும். தண்ணீர்ச் செம்பு வைத்த வெள்ளை வளையமும் பெரும்பாலும் இதிலேயே மறையும்.

பூச்சு தேய்ந்த இடத்துக்கு மட்டும் புது அரக்கு போதும். லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குத் தகடு போட்டு, ஓர் இரவு ஊறவிட்டு வடிகட்டுங்கள். கெட்டியாக ஒரு தடவை பூசுவதைவிட நீர்க்கப் பல தடவை பூசுவதே மேல். மழை நாளில் வேண்டாம். ஈரக் காற்றில் பூச்சு வெளுத்துப் பால் படிந்தாற்போல் ஆகிவிடும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் பீடியும் அண்டாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் காய்ந்தாற்போல் தோன்றும். பளபளக்கிறதே என்று அன்றைக்கே காபி டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். அரக்கு நன்றாக இறுகச் சில வாரங்கள் பிடிக்கும்.