சமூக ஊடகத்தில் உழவரின் குரல்

1960-களின் பிற்பகுதியில் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் புது நெல் பரவியபோது, குடியானவர்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தார் அந்நெல்லின் சாகுபடி முறைகளை இடைவிடாது எடுத்துரைத்து வந்தமையே அப்பெயருக்குக் காரணம். அன்று பேசுவோர் நிலையத்தில் இருந்தனர். கேட்போர் திண்ணையில் இருந்தனர். இன்றோ திண்ணையில் இருப்பவரின் கையிலேயே நிலையமும் இருக்கிறது.

கைப்பேசியில் படம் பிடித்து யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் வெளியிட்டு, தம் சொல்லைத் தொடர்ந்து கேட்கும் கூட்டம் ஒன்றைச் சேர்த்துக் கொண்டவரை இளைஞர்கள் ‘இன்ஃப்ளூயன்சர்’ என்கின்றனர். அவருக்கு இலட்சக்கணக்கானோர் வேண்டுவதில்லை. ஒரு வட்டாரத்தில் ஆயிரம் குடும்பங்கள் அவர் பேச்சுக்குச் செவி சாய்க்குமாயின், சிறிய அளவில் அவர் செல்வாக்கு உடையவரே. நம் கிராமங்களில் இத்தகையோர் பெருகி வருவதால், ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் இத்தொழிலின் உள்ளும் புறமும் அறிந்திருத்தல் நலமெனக் கருதுகிறோம்.

பெங்களூரில் 2006-ஆம் ஆண்டில் உருவான ‘டிஜிட்டல் கிரீன்’ என்னும் முயற்சி இங்கு நினைவு கூரத்தக்கது. கருநாடகக் கிராமங்களில் அதனைச் சேர்ந்தோர் உழவர்களையே பேச வைத்துப் படம் எடுத்து, அதனைப் பிற உழவர்களுக்குத் திரையிட்டுக் காட்டினர். பார்த்தவர்கள் முதலில் கேட்டது உரத்தின் அளவையன்று. ‘இவர் யார், எந்த ஊர்?’ என்பதையே. தம்மைப் போன்ற ஒருவர் தம் வயலில் செய்து பார்த்தார் என்பதே அவர்களுக்கு நம்பிக்கை அளித்தது. இவ்வினாவுக்கு நேர்மையாக விடை கூற இயல்வதே கிராமத்தாரின் மூலதனமாகும். பட்டணத்தில் எத்துணை விலையுயர்ந்த கருவியைக் கொண்டு படம் எடுத்தாலும் அது வாய்ப்பதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைப் பெற்றது. தமிழில் அந்நிலையை முதலில் எய்தியது அதுவே. இதனைக் கண்ட பலர், தாமும் தோப்பில் அண்டாவை ஏற்றினால் போதும் என்று புறப்பட்டு விட்டனர். பிறர் செய்ததைப் பார்த்துச் செய்வதில் பயனில்லை. வெள்ளாடு வளர்ப்பவர் ஆட்டைப் பற்றியும், மல்லிகை பயிரிடுபவர் பூவைப் பற்றியும், பம்பு செட்டுப் பழுது பார்ப்பவர் மோட்டாரைப் பற்றியும் பேசுவாராக. ஒரே பொருளை விடாது பேசுவோரைத்தான் மக்கள் தேடி வருகின்றனர்.

படம் பிடிக்கும் முறையைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. சூரியன் படம் எடுப்பவரின் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். காற்றின் இரைச்சலே வயல்வெளியின் பெரும் பகை; சட்டையில் செருகும் சிறு மைக் ஒன்று அதனைத் தணிக்கும். பீடிகையைச் சுருக்கி, சொல்ல வந்ததை உடனே சொல்லுதல் வேண்டும். வணக்கம் கூறுவதற்கே இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் மேடையோடு நிற்கட்டும்.

வருவாய்க் கணக்கைத்தான் பலர் தவறாக அறிந்துள்ளனர். யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரர் வேண்டும்; அத்துடன் கடந்த 12 மாதங்களில் மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்கவும் வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரி மூன்று நிமிடம் பார்க்கிறார் என வைத்துக்கொண்டால், 80,000 முறை பார்க்கப்பட வேண்டும். வாரம் ஒன்றாக ஆண்டுக்கு ஐம்பது படம் வெளியிடுபவருக்கு ஒவ்வொரு படமும் 1,600 முறை ஓடியாக வேண்டும். குறும்படங்களான ஷார்ட்ஸ் வழியே தகுதி பெற விரும்பினால், 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வை தேவை. இவ்வளவும் கைகூடிய பின்னர், நீண்ட படங்களின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைத்தவருக்கும் எஞ்சியது நிறுவனத்துக்கும் சேரும். வாரத்துக்குப் பயிரிடுவதைப் போன்றதே இது. அப்பங்கும் 100 டாலர் சேர்ந்த பின்னரே வங்கிக்கு வரும். எனவே, காளையை விற்றுக் கேமரா வாங்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம். சிறிய செல்வாக்காளருக்கு விளம்பரப் பங்கைவிடத் தம் விளைபொருளை நேரே விற்பதே பெரும்பாலும் மிகுந்த பயன் தருகிறது. கடலை எண்ணெய், ஊறுகாய் போன்றவற்றை விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொள்ளுதல் வேண்டும்.

இனி, இடர் எங்கே தொடங்குகிறது என்பதைக் கூறுவோம். நம் ஒன்றியத்து இளைஞர் ஒருவர் தமது நிலக்கடலைச் சாகுபடியைப் படமெடுத்துச் சுமார் மூவாயிரம் பேரைச் சேர்த்திருந்தார். வணிகர் ஒருவர் வளர்ச்சி ஊக்கி என்று கூறிச் சில புட்டிகளை இலவசமாகக் கொடுத்தார். இளைஞரும் அதனைக் கையில் ஏந்தி, ‘நானும் பயன்படுத்தினேன், நல்ல காய்ப்பு’ என்று பேசினார். அண்டை ஊரார் பலர் வாங்கித் தெளித்தனர். பயன் ஒன்றும் காணப்படவில்லை. அடுத்த கிராம சபையில் முதியவர் ஒருவர் எழுந்து, ‘தம்பி, உன் கொல்லையில் எந்தப் பாத்தியில் தெளித்தாய்?’ என்று கேட்டார். நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம். இளைஞரால் விடை கூற இயலவில்லை. பின்னர் அவர் பாதி நிலத்தில் தெளித்து, பாதியைத் தெளிக்காமல் விட்டு, அறுவடையன்று இரண்டையும் நிறுத்துக் காட்டினார். எடையில் வேறுபாடு இல்லை. அப்படத்தைப் பழைய படத்தினும் மிகுதியானோர் பார்த்தனர். ஆயினும் பணத்தை இழந்தவர்களுக்கு அது ஈடாகாது.

சட்டமும் இவ்வகையில் கடுமையானதே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ், பொய்யான விளம்பரத்துக்குத் துணை போவோருக்கு முதன்முறை 10 இலட்ச ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். பணம் பெற்றாலும், இலவசப் பொருள் பெற்றாலும், உறவினரின் கடையாயினும், அத்தொடர்பை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. தமிழில் பேசுபவர் ‘இது விளம்பரம்’ என்று தமிழிலேயே தொடக்கத்தில் சொல்லிவிடுதல் முறை. பூச்சிமருந்தாயின், வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியாது வாய் திறவாமையே நன்று.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். மாலை அணிந்த படங்களால் எவரும் பயன் பெறுவதில்லை. ஏரி தூர் வாரிய செலவுக் கணக்கையும், குடிநீர் வரும் நேரத்தையும் வெளியிட்டுப் பாருங்கள். பணியிடத்தில் உள்ள பெண்களை அவர்தம் இசைவின்றிப் படமெடுப்பது எவ்வாற்றானும் தகாது.

2020 ஜூன் 29-ஆம் நாள் மத்திய அரசு டிக்டாக் செயலியைத் தடை செய்தபோது, ஆண்டுக்கணக்கில் கூட்டம் சேர்த்திருந்த கிராமத்து இளைஞர் பலர் ஒரே இரவில் அத்தனை பேரையும் இழந்தனர். அவர்களுள் எத்தனை பேர் தம்மைப் பார்த்தோரின் ஊரையும் எண்ணையும் வைத்திருந்தனர்? செயலி பிறருடைய நிலம். ஆகவே, எள்ளும் வெல்லமும் கேட்டு எழுதுவோரின் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை அவர்தம் இசைவுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதல் நாளிலிருந்தே எழுதி வருவீர்களாக.