ஆற்றங்கரைச் சாலையில் சைக்கிள் பயணம்

சைக்கிள் வண்டியை நாம் பெரும்பாலும் ஒரு தேவைக்கான கருவியாகவே கருதி வந்திருக்கிறோம். அலுவலகம் செல்லவும், கடைத்தெருவுக்குப் போய்வரவும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வரவும் அது பயன்பட்டது. கையில் சற்றுப் பணம் சேர்ந்ததும் அதைத் திண்ணையில் சாத்திவிட்டு மோட்டார் வண்டிக்கு மாறினோம். ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்றே பெயர் பெற்றிருந்த புனேயிலும் இதுவே நடந்தது. ஆயினும், குடிபுகுந்த ஊரைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தை அறிந்துகொள்ள விரும்புவோருக்குச் சைக்கிளைப் போன்ற துணை வேறொன்று இல்லை. நடப்பவர் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் செல்வார். சைக்கிளில் செல்பவர் ஏறக்குறைய அதே முயற்சியில் 15 கிலோமீட்டர் சென்றுவிடுவார். வழியில் பறவையின் குரல் காதில் விழும். வயலின் மணம் தெரியும். எதிரே வரும் கிழவரிடம் நின்று வழி கேட்கலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சாலை அமைதியாக இருக்கவேண்டும். பின்னால் லாரி ஒலி எழுப்பிக்கொண்டே இருக்குமானால் பறவையின் குரல் எப்படிக் கேட்கும்? ஆகவே, அமைதியான சாலை என்பது எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் ஆராய்வோம்.

சைக்கிளில் உலாவச் செல்வோர் ஆற்றுப் பள்ளத்தாக்கை விரும்புவதற்குக் காரணம் எளிது. ஆறு திடீரென்று ஏறுவதில்லை; மெல்ல மெல்லச் சரிந்து செல்வது அதன் இயல்பு. அதன் கரையை ஒட்டிச் செல்லும் சாலையும் பெரும்பாலும் அந்தச் சரிவையே பின்பற்றுகிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும் தொல்லை குறைகிறது. அத்துடன், ஆற்றுக்கு இரண்டு கரைகள் உண்டல்லவா? ஒரு கரையில் பெருஞ்சாலை அமைந்துவிட்டால், வண்டிகளெல்லாம் அதில் சென்றுவிடும். மறு கரையின் சிற்றூர்ச் சாலை தனித்து விடப்படும். அந்தச் சாலைதான் சைக்கிளுக்கு உரியது.

இதற்குப் பிரான்சு தேசத்தின் தென்மேற்கிலுள்ள லொத் என்னும் நதியின் பள்ளத்தாக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதனோடு சேரும் செலே என்னும் சிறு நதியும் அத்தகையதே. சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே நதி வளைந்து செல்கிறது. பாறையடியில் சிற்றூர்கள்; ஆங்காங்கே பழைய தேவாலயங்கள்; இடையே ஓர் ஒடுங்கிய தார்ச்சாலை. வேலை நாள்களில் அச்சாலையில் நெடுநேரம் சென்றாலும் ஒன்றிரண்டு வண்டிகளையே காணலாம் என்று அங்குச் செல்வோர் மகிழ்ச்சியோடு கூறுவார்கள்.

அந்த அமைதிக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லொத் மாவட்டத்தில் ஏறக்குறைய 3 லட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். காவோர் நகரைச் சுற்றிய திராட்சைத் தோட்டங்கள் அவர்களுக்குச் சோறு போட்டன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபில்லாக்ஸெரா என்னும் சிறு பூச்சி திராட்சை வேர்களைத் தாக்கியது, தோட்டங்கள் அழிந்தன. பிழைப்பைத் தேடி மக்கள் நகரங்களுக்குச் சென்றார்கள். பின்னர் வந்த உலகப்போர்களும் இளைஞர்களைக் கொண்டுபோயின. இன்று அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 1 லட்சத்து 75 ஆயிரம் அளவில்தான் இருக்கிறது. மக்கள் போய்விட்டார்கள்; அவர்களுக்காகப் போட்ட சாலைகள் மட்டும் நின்றுவிட்டன. சைக்கிளில் செல்வோர் சுவைக்கும் அமைதியில் பாதி, ஊரைவிட்டுப் போனவர்கள் விட்டுச் சென்றதாகும்.

பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்த நமக்கு இந்தச் செய்தி புதிதன்று. நாம் விட்டு வந்த கிராமத்துத் தெருவும் இன்று சற்று அமைதியாகத்தான் இருக்கும்.

இனி, நாம் வந்து சேர்ந்த இடத்தைப் பார்ப்போம். புனேயின் வடகிழக்கில், ஆளந்திக்குச் செல்லும் சாலையில் இருப்பது விஷ்ராந்த்வாடி. விச்ராந்தி என்பது தமிழரும் அறிந்த சொல்லே. ஓய்வு என்று பொருள். இன்று அங்குள்ள நாற்சந்தியில் காலை 9 மணிக்கு நிற்பவர், இந்தப் பெயரை வைத்தவர் யார் என்று வியக்காமல் இருக்க முடியாது. அருகே கிர்கியில் 1869ஆம் ஆண்டிலேயே வெடிமருந்துத் தொழிற்சாலை ஏற்பட்டது. இராணுவ நிலையங்கள் பெருகின. அப்பால் பிம்ப்ரியில் 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை எழுந்தது. அதைத் தொடர்ந்து மோட்டார் தொழில் வளர்ந்தது. பிம்ப்ரி–சிஞ்ச்வாட் நகரின் மக்கள்தொகை 2001-இல் 10 லட்சமாக இருந்து, 2011-இல் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. லொத் பள்ளத்தாக்கில் மக்கள் வெளியேறினார்கள். இங்கே மக்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுள் நாமும் இருக்கிறோம். போக்குவரத்து நெரிசலைப் பற்றிக் குறைகூறும்போது, அந்த நெரிசலில் நம் வண்டியும் ஒன்று என்பதை மறந்துவிடலாகாது.

எனினும் விஷ்ராந்த்வாடிக்கு அருகிலும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு உண்டு. முளா நதிக்கும் இந்திராயணி நதிக்கும் இடையே அமைந்த மேட்டை, திகி என்னும் ஊர் வழியாகக் கடந்து இறங்கினால் இந்திராயணியின் கரையை அடையலாம். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவில் ஆளந்தி. பகவத்கீதைக்கு மராத்தியில் விரிவுரை கண்ட ஞானேசுவரர் 1296-இல் சமாதியடைந்த ஸ்தலம் அது. அங்கிருந்து நதி கிழக்கே சென்று, துளாபூரில் பீமா நதியுடன் கலக்கிறது.

இரு கரைகளைப் பற்றி நாம் கூறிய விதியை இங்கே கண்ணால் காணலாம். சரோலி என்னும் பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. தென்கரையில் இருப்பது சரோலி புத்ருக். வடகரையில் இருப்பது சரோலி குர்த். புத்ருக் என்றால் பெரியது, குர்த் என்றால் சிறியது. பாரசீகத்திலிருந்து வந்த இச்சொற்களை மகாராஷ்டிரத்தின் எத்தனையோ ஊர்ப் பெயர்களில் காணலாம். நம் நாட்டில் மேலூர், கீழூர் என்று பிரித்துச் சொல்வது போன்ற வழக்கு. வடகரையில் மர்கல் செல்லும் சாலையில் தொழிற்சாலைகளுக்குரிய லாரிகள் ஓடுகின்றன. தென்கரையில் வட்காவ் சிந்தே முதலிய ஊர்களை இணைக்கும் சாலைகள் சிறியவை. கரும்பும் காய்கறியும் விளையும் நிலங்களை ஒட்டிச் செல்பவை. அடுக்கு மாடிக் குடியிருப்புகள் இங்கும் எழுந்து வருகின்றன என்பது உண்மையே. ஆலைக்கழிவும் நகரச் சாக்கடையும் கலந்து, ஆளந்தியில் இந்திராயணியின் மேல் சில வேளைகளில் வெண்ணுரை மிதப்பதும் உண்மையே. சைக்கிளில் மெல்லச் செல்பவருக்கு இவையும் கண்ணில் படும். ஓர் ஊரை அறிவது என்றால் அதன் நோயையும் அறிவதுதானே?

இந்த ஆளந்திச் சாலை முற்றிலும் மோட்டார் வண்டியின்றி விளங்கும் நாள் ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாத வாக்கில் ஞானேசுவரரின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்தி, வார்க்கரிகள் எனப்படும் அடியார்கள் பண்டரிபுரத்துக்கு நடந்து செல்கிறார்கள். இன்றைய முறையில் இப்பல்லக்கு யாத்திரையை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹைபத்ராவ் பாபா ஒழுங்குபடுத்தினார். ஆளந்தியிலிருந்து புனேக்கு வரும் நாளில் யாத்திரை திகி, விஷ்ராந்த்வாடி வழியாகவே செல்கிறது. அன்று போலீசார் வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடுகிறார்கள். தாளமும் மிருதங்கமும் ஒலிக்க, லட்சக்கணக்கானோர் சாலையின் முழு அகலத்திலும் நடக்கிறார்கள். வீட்டு வாசலில் நிற்போர் தண்ணீரும் பழமும் கொடுக்கிறார்கள். பஜனை மடங்களில் அபங்கம் கேட்டு வளர்ந்த நம்மவருக்கு அது அந்நியமான காட்சியன்று. 1676 முதல் 1855 வரை தஞ்சையில் நடந்த மராட்டியர் ஆட்சி அந்த உறவை வளர்த்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஊர் காலியாகித்தான் சாலை அமைதியாக வேண்டும் என்பதில்லை. நெரிசல் மிக்க நகரத்திலும், மெல்லச் செல்வோருக்குச் சாலையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மக்கள் ஒருமித்தால் அது நடக்கிறது. பிரான்சிலும் எல்லா அமைதியும் தானாக வந்ததன்று. கைவிடப்பட்ட இரயில் பாதைகளையும் கால்வாய்க் கரைகளையும் பசும்பாதை என்ற பெயரில் நடப்போருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கி, 2004-இல் போக்குவரத்துச் சட்டத்திலும் அதற்கு இடமளித்தார்கள். சைக்கிளைத் தாண்டிச் செல்லும் மோட்டார் வண்டி, நகருக்குள் 1 மீட்டரும் நகருக்கு வெளியே ஒன்றரை மீட்டரும் விலகிச் செல்ல வேண்டும் என்பது அங்குச் சட்டம்.

புனேயிலும் 2017 டிசம்பரில் மாநகராட்சி ஒரு விரிவான சைக்கிள் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. சங்கம்வாடி முதல் விஷ்ராந்த்வாடி வரை பேருந்துக்கெனத் தனிப்பாதை 2015-இல் திறக்கப்பட்டது. பேருந்துக்கு ஒதுக்க இடமிருந்த சாலையில் சைக்கிளுக்கும் சற்று இடம் காண்பது இயலாத காரியமன்று. ஏட்டில் உள்ள திட்டம் சாலைக்கு வரவேண்டுமானால், அதைக் கேட்பவர்கள் இருக்கவேண்டும். வெளியூரிலிருந்து வந்தோம் என்பதற்காக நாம் வாய்மூடி இருக்கவேண்டியதில்லை. வரி செலுத்துகிறோம், வாக்களிக்கிறோம், பிள்ளைகளை இங்கேயே வளர்க்கிறோம்.

அதுவரை, இருக்கும் அமைதியைப் பயன்படுத்திக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் புறப்பட்டால் திகி மேட்டை நெரிசலின்றிக் கடந்துவிடலாம். முன்விளக்கும் பின்புறச் சிவப்பு விளக்கும் இன்றியமையாதவை. ஏகாதசி நாள்களிலும் கார்த்திகை யாத்திரையின்போதும் ஆளந்தியில் கூட்டம் மிகுதி. அந்நாள்களைத் தவிர்ப்பது நலம். பிரான்சில் சைக்கிள் உலாவின் தந்தை எனப் போற்றப்படும் பால் தெ விவி (1853–1930), பசி வருமுன் உண்ணவும் தாகம் எடுக்குமுன் நீர் அருந்தவும் பயணிகளுக்கு அறிவுரை கூறினார். ஆகையால் தண்ணீரும் நாலு இட்லியும் உடன் இருக்கட்டும். மராத்தியில் வழி கேட்க நாலு சொற்களும் கற்றுக்கொள்ளுங்கள். இந்திராயணிக் கரையில் வயலுக்குப் போகும் பெரியவர் ‘ராம் கிருஷ்ண ஹரி’ என்று வணக்கம் கூறினால், அதே சொற்களைத் திருப்பிச் சொல்வதே அங்கு மரியாதை. அப்படிச் சில வாரங்கள் சென்றுவந்தால், நம் குழந்தைகள் பிறந்து வளரும் இந்த நாட்டின் ஊர்ப் பெயர்களாவது நமக்குத் தெரிந்திருக்கும்.