குடும்ப வன்முறையும் குழந்தையின் பொறுப்பும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலூரும் காட்பாடியும் திருத்தணியும் பக்கத்து ஊர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் பெண் கொடுக்கிறோம். அந்தப் பக்கம் பெண் எடுக்கிறோம். அதனால் கணவன் மனைவிக்குள் பிளவு ஏற்பட்டால் வழக்கும் இரண்டு மாநிலங்களுக்கும் இரண்டு மொழிகளுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. தமிழில் எழுதிய மனுவைத் தெலுங்கில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வரும் பெண்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அடி தாங்காமல் வந்துவிட்டேன் ஐயா. நானாக வீட்டை விட்டு வந்ததால் பிள்ளையை அவருக்கே கொடுத்துவிடுவார்களா?"

வீட்டை விட்டு வெளியேறியதால் மட்டும் பிள்ளைமேல் உள்ள உரிமை போய்விடாது. ஆனால் நடந்த வன்முறையை நீதிமன்றத்தில் சொல்லாமல் மறைத்தால், நீதிபதி அதைத் தாமாக அறிந்துகொள்ள வழியில்லை. "குடும்ப மானம் போய்விடும்" என்று அடி உதையை மறைத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் கேட்பது நம்மவர் பலர் செய்யும் தவறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் சாரம்.

சட்டம் சொல்வது

குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு அடிப்படையானது 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். இது எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது அது. "அப்படியானால் ஐந்து வயது முடிந்ததும் தந்தைக்குத்தானே?" என்று கேட்பார்கள். அப்படி இல்லை. எந்த வயதானாலும் குழந்தையின் நலனே முதன்மையானது என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்பதை, கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

"மனைவியை அடித்தாலும் பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறார்" என்று வாதாடுவது வழக்கம். ஆனால் காப்பாளராக வர விரும்புபவரின் நடத்தையையும், விவரம் அறிந்த குழந்தையானால் அதன் விருப்பத்தையும் பார்க்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. 1992இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தாய் இயற்கைக்கு மாறான முறையில் இறந்துபோனார். தந்தைமீது கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தது. நீதிபதிகள் குழந்தைகளிடமே பேசிப் பார்த்துவிட்டு, அவர்களைத் தாய்மாமன் பொறுப்பில் விட்டார்கள். 2008இல் கல்கத்தாவிலிருந்து வந்த வழக்கும் இது போன்றதே. மனைவியின் மரணம் தொடர்பாகத் தந்தைமீது குற்றவழக்கு இருந்ததையும் குழந்தையின் விருப்பத்தையும் கீழ் நீதிமன்றங்கள் உரியபடி கருதவில்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் குழந்தையைத் தாய்வழிப் பாட்டி தாத்தாவிடமே விட்டது.

விரைவான வழி

காப்பாளர் வழக்கு நீண்ட நாள் நடக்கும். அதுவரை குழந்தைக்குப் பாதுகாப்பு வேண்டாமா? அதற்காக உள்ளதுதான் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம். 26-10-2006 முதல் நடைமுறையில் உள்ளது. அடிப்பது மட்டுமல்ல, இழிவாகப் பேசுவது, செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது ஆகியனவும் இதில் வன்முறையே. இதன் 21ஆம் பிரிவின்படி, மாஜிஸ்திரேட் குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். எதிர்த்தரப்பினர் வந்து பார்ப்பது குழந்தைக்குக் கேடு என்று அவர் கருதினால் அதற்கு அனுமதி மறுக்க வேண்டும். அவசரமானால் 23ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம். 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் தாமதமாவதுண்டு. ஆகவே இடைக்கால மனுவையும் முதல் நாளே சேர்த்துப் போடுங்கள்.

எல்லையோரக் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படுவது 27ஆம் பிரிவு. அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் மனு கொடுக்கலாம். சித்தூரில் வாழ்க்கைப்பட்டவர் வேலூரில் தாய் வீட்டில் இருந்தால் வேலூரிலேயே கொடுக்கலாம். அந்த உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். கொடுமை பற்றிய குற்றப் புகாரையும் அடைக்கலம் புகுந்த ஊரில் கொடுக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (முன்பு 498-ஏ எனப்பட்ட பிரிவு, 1-7-2024 முதல் புதிய சட்டத்தில் 85ஆம் பிரிவு.) ஆனால் காப்பாளர் வழக்கு அப்படியல்ல. குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் அதைத் தொடர வேண்டும். ஒரு மாநிலத்து வழக்கை இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற வேண்டுமானால் உச்ச நீதிமன்றத்தையே அணுக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

அடிபட்டால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். யார் அடித்தார் என்பதைச் சொல்லி, அது பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். புகார் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். மிரட்டல் செய்திகளை அழித்துவிடாதீர்கள். குழந்தையின் பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்றுகள் ஆகியவற்றின் நகலை நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். குழந்தையை அன்றாடம் பள்ளிக்கு அனுப்புவது யார், வைத்தியம் பார்ப்பது யார் என்பதற்கும் இவை சாட்சி.

தமிழில் உள்ள கடிதங்களை ஆந்திர நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது தெலுங்கு அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். தெலுங்கு சரளமாக வராதவர்கள் அரைகுறையாகச் சாட்சி சொல்லி மாட்டிக்கொள்ளாமல், தமிழில் சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. 4-4-2022 முதல் திருப்பதி தனி மாவட்டம் ஆகிவிட்டதால், உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்துப் பாதுகாப்பு அலுவலரை அணுகுங்கள்.

தந்தையரும் கவனிக்க

2005ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கானது. ஆனால் தாயின் வீட்டில் குழந்தை வதைபடுகிறது என்றால் தந்தை 1098ஐ அழைக்கலாம். காப்பாளர் சட்டத்தின்கீழும் வழக்குத் தொடரலாம். வன்முறை ஏதும் இல்லாத இடத்தில், கோபத்தில் பிள்ளையைக் கண்ணில் காட்டாமல் வைப்பதும் சரியல்ல. பிள்ளைக்குத் தாய் தந்தை இருவர் அன்பும் வேண்டும் என்றும், நேரில் பார்க்க இயலாதபோது வீடியோ அழைப்பில் பேசவாவது ஏற்பாடு வேண்டும் என்றும் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அச்சம் உள்ள இடத்தில், நீதிமன்ற வளாகத்திலோ மூன்றாம் நபர் முன்னிலையிலோ மட்டும் சந்திக்கும்படி கேட்கலாம்.

நம் சங்கத்துப் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சாயத்துப் பேசி முத்திரைத் தாளில் "பிள்ளை தந்தைக்கு" என்று எழுதி வாங்குவதால் விஷயம் முடிந்துவிடாது. குழந்தையின் நலனுக்கு மாறானால் அதை நீதிமன்றம் ஏற்க வேண்டியதில்லை. நீதிமன்றமே போட்ட உத்தரவையும் நிலைமை மாறினால் மாற்றலாம். ஆகவே அடிபட்டு வரும் பெண்ணிடம் "பிள்ளைக்காகப் பொறுத்துப் போம்மா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். தாய் அடிபடுவதைத் தினமும் பார்க்கும் பிள்ளையும் அந்த வன்முறையில் அடிபடுகிறது. அவளுடன் ஒருவர் துணையாகச் சட்ட உதவி மையம் வரை சென்று வாருங்கள். அதுவே அந்தக் குழந்தைக்கு நாம் செய்யும் பெரிய உதவி.